கையா, காலா, கக்கமா?

"பாத்துக்கோங்க, அமுக்கவே இல்ல. ரெண்டே விரல். அதோட கனத்துக்கு அதுவே இறங்குது பாருங்க" என்று சொல்லிக்கொண்டே பிளேடு அக்கா தன் இடது முன்கையை மழித்துக்கொண்டிருந்தாள். எதிரே நின்ற அம்மாள் பற்பசை வாங்க வந்தவர். ரேசரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவம். எஃகு ரேசர் இருந்த பக்கம் தெரியாத்தனமாக ஒரு பார்வை பார்த்துத் தொலைத்தார், அவ்வளவுதான். அந்தப் பார்வை போதும் அக்காவுக்கு. சோப்பு நுரை, ஈரத்துணி, ரேசர் மூன்றும் கவுண்டருக்கு அடியிலிருந்து மேலே வந்துவிட்டன. அந்த அம்மாள் பற்பசையையும் ரேசரையும் வாங்கிக்கொண்டு கிளம்ப முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அக்காவின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மருந்துக்குக்கூட முடி கிடையாது. வலது கை கடவுள் கொடுத்தது கொடுத்தபடி இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது முன்னாடி, இது பின்னாடி" என்று காட்டுவாள். விளம்பரம் என்று கடை செய்யும் ஒரே ஏற்பாடு அதுதான், அதுவும் அவள் சொந்தக் கை. குளிர் நாளில் மொட்டைக் கை மட்டும் சில்லிட்டுப்போகிறது என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள்.

நான் பக்கத்துக் கவுண்டரில் மருந்து கொடுப்பவள். எங்கள் இருவருக்கும் நடுவே மார்பளவு உயரத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு, பதினெட்டு வருடப் பழக்கம். நான் நாலு வருடம் படித்து, பட்டம் வாங்கி, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அவள் என்னை "மாத்திரை" என்று கூப்பிடுகிறாள். என்னிடம் வருகிறவர்கள் சீட்டை நீட்டுவார்கள், மருந்தை வாங்குவார்கள், முகத்தைக்கூடப் பார்க்காமல் போவார்கள். அவளிடம் சீப்பு வாங்க வந்தவர்கள் நாற்காலி கிடைத்தால் உட்கார்ந்துவிடுவார்கள். உனக்குப் பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதால்தான் 'பிளேடு' என்று பெயர் வந்தது என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியும் வந்திருக்கலாம், நியாயம்தான். ஆனால் உண்மைக் காரணம், இந்தக் கடையில் எந்தப் பெண்ணுக்கும் எந்த ரேசர் என்று இருபத்திரண்டு வருடமாகத் தீர்ப்புச் சொல்கிறவள் அவள்தான் என்பது. கல்யாண வயதில் மகள் இருக்கிற அம்மாக்கள்கூட ஒரு நடை வந்து அவளைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

பெண்களுக்கான ரேசர் என்று எங்கள் கடையில் ஒரு சுவரே இருக்கிறது. அத்தனையும் ரோஸ் நிறம். ஒன்றில் பட்டாம்பூச்சி, ஒன்றில் ரோஜா, இன்னொன்றில் கண்ணை மூடிச் சிரிக்கும் ஒரு பெண். அவள் காலில் முடி இருந்ததற்கான அடையாளமே இல்லை, பிறகு எதற்கு ரேசர் என்று தெரியவில்லை. 'மென்மை' என்று ஒரே அட்டையில் நான்கு இடத்தில் எழுதியிருக்கும். எதிர்ச் சுவரில் ஆண்களுக்கானது இருக்கிறது. அதே பிளாஸ்டிக், அதே பிளேடு, நீல நிறம், விலை குறைவு. ரோஸ் நிறம் காய்ச்சுவதற்கு ரொம்பச் செலவாகும் போலிருக்கிறது. மூன்று தடவை இழுத்தால் அது மழுங்கிவிடும், நாலாவது தடவை குப்பைக்குப் போகும். "நாலாவது தடவை அது முடியை வெட்டாது, பிடுங்கும். அதுக்கு மேல பட்டாம்பூச்சி வேற" என்பாள் அக்கா.

அவள் கவுண்டரில் இருப்பது எஃகு ரேசர். கைப்பிடி, அடித்தட்டு, மேல்மூடி என்று மூன்றாகக் கழலும். நடுவில் இரண்டு பக்கமும் வெட்டுகிற சாதாரண பிளேடு. பிளேடை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் ரேசர் நம்மை வழியனுப்பிவிட்டுப் பேத்திக்குப் போகும். கம்பெனிக்காரன் பிழைப்பில் மண் விழுகிற சாமான் என்பதால் அதற்கு விளம்பரமும் கிடையாது, சிரிக்கிற பெண்ணும் கிடையாது.

ரேசர் வாங்குகிறவர் அக்காவிடம் ஒரு பரீட்சை எழுத வேண்டும். கவுண்டருக்கு அடியில் ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர் வைத்திருப்பாள். வந்தவர் எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் மோதிரத்தைக் கழற்றிவிட்டுக் கையை அதில் முக்கியெடுத்து, அந்த வழவழத்த கையோடுதான் ரேசரைப் பிடித்துப் பார்க்க வேண்டும். "காஞ்ச கையில எல்லா ரேசரும் நல்ல ரேசர்தான்மா. குளிக்கிற இடத்துல காஞ்ச கையோடவா நிக்கப்போறீங்க?" தங்கமாக மின்னுவதை ஆசையாக எடுத்தவர்கள், அது நழுவி மேஜையில் டங்கென்று விழுந்ததும் வாயை மூடிக்கொண்டு சொரசொரப்பான கைப்பிடிக்கு வந்துவிடுவார்கள். குனிய முடியாதவருக்கு நீளக் கைப்பிடி. கக்கத்துக்கு மட்டும் என்றால் கட்டைக் கைப்பிடி. முதல் தடவை என்றால் பிளேடு விளிம்பு ரொம்ப எட்டிப்பார்க்காத தலை. "இது சாது, கடிக்காது. அது கொஞ்சம் வாலு, கை பழகினவங்களுக்குத்தான்." முதல் தடவைக்காரி வாலுதான் வேண்டுமென்று அடம்பிடித்தால் ஸ்டாக் இல்லை என்று கூசாமல் புளுகுவாள். ஸ்டாக் அவள் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.

நானும் ஒன்று வாங்கினேன். படித்தவள் அல்லவா, அவள் சொன்ன எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்து வருடம் பிளாஸ்டிக்கை அமுக்கி அமுக்கி இழுத்த கை. அதே வேகத்தில் எஃகை இழுத்தேன். மறுநாள் நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு உள்ளே வந்தேன். வாசலிலிருந்து என் கவுண்டர் பத்தடிதான். அக்கா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அமுக்கினியா?"

"இல்லையே."

"கணுக்கால்தானே? எலும்பு மேல தோலை இழுத்துப் பிடிச்சிருக்க மாட்ட. மொதல்ல வெந்நீர்ல முடி ஊறணும். அப்புறம் ரேசரோட மேல்மூடி தோலைத் தொடணும். கைப்பிடியை மெதுவா இறக்கிக்கிட்டே வந்தா ஒரு இடத்துல சரக்னு சத்தம் வரும். அங்க நிறுத்து, அதுதான் கோணம். சின்னச் சின்னதா இழு, அலசு, இழு. காலேஜ்ல என்னத்தடி சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

கோணம் பற்றி காலேஜில் சொல்லித்தான் கொடுத்தார்கள். கணுக்காலில் வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே என் கவுண்டரில் பிளாஸ்திரி எடுத்து ஒட்டிக்கொண்டேன். அக்கா வாய் திறக்கும் நாள்களில் அந்தப் பிளாஸ்திரிக்கு என்னைத் தவிர வாடிக்கையாளரே கிடையாது என்பதையும் இங்கே வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

யாருடைய பெயரும் அவளுக்கு மனதில் நிற்காது. உறுப்புதான் நிற்கும். "அந்த முழங்கால் வந்தாளா? பிளேடு தீந்திருக்குமே" என்பாள். "நேத்து வந்த கக்கம் ரொம்ப நல்ல பொண்ணு, மாமியார்தான் சரியில்ல" என்பாள். நகரத்தின் பெரிய பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை, ஆயிரம் பிள்ளைகள் நடுங்குகிற அம்மாள், எங்கள் கடையில் வெறும் கெண்டைக்கால். அந்த அம்மாளுக்கும் அது தெரியும். தெரிந்தும் அக்காவைத் தவிர வேறு ஆளிடம் பிளேடு வாங்க மாட்டார்.

மழித்தால் முடி தடித்து வளரும் என்று பயந்துகொண்டு வருகிறவர்களுக்கென்று தனி அர்ச்சனை உண்டு. "யாரு சொன்னா?" "எதிர்வீட்டு அம்மா." "அவங்க காலைப் பாத்திருக்கீங்களா?" "இல்ல." "பாத்துட்டு வாங்க. நுனியை வெட்டுறோம், வேரையா உரம் போட்டு வளக்குறோம்? நுனி மொட்டையா இருக்கறதால குத்துது, அதைத் தொட்டுப் பாத்துட்டு தடிச்சுப்போச்சுங்கறது." வீட்டுக்காரரின் ரேசரைத் திருட்டுத்தனமாக எடுத்துக் காலில் இழுத்துவிட்டு, அவர் காலையில் கத்தும்போது எனக்கென்ன தெரியும் என்று கைவிரிக்கிற பெண்களுக்கும் அர்ச்சனை உண்டு. "அவர் ரேசர் அவருக்கு, உன் ரேசர் உனக்கு. பல் விளக்குற பிரஷ்ஷை மாத்திக்குவீங்களா?" என்று கேட்பாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சாதுவில் ஒன்று வாங்கிப் போவாள்.

கவுண்டர் ஓரத்தில் ஒரு பழைய பவுடர் டப்பா, மூடியில் கீறிய துளையோடு இருந்தது. மழுங்கின பிளேடை அதில்தான் போட வேண்டும். மேலே கோணல் எழுத்தில் ஒரு காகிதம்: 'குப்பை எடுக்கிறவங்களுக்கும் கை இருக்கு.'

இவ்வளவு அறிவும் கொடுத்த கடவுள், குரலைக் குறைக்கும் திருகு ஒன்றை வைக்க மறந்துவிட்டார். இந்தச் சாமானை வாங்க வருகிற பெண்கள் எப்படி வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பக்கவாட்டில் வருவார்கள். முதலில் பஞ்சு வாங்குவார்கள், பிறகு ஹேர்பின் வாங்குவார்கள், பிறகு கவுண்டர் மேஜையிடம் ரகசியம் போலச் சொல்வார்கள். அக்கா நிமிர்ந்து, எதிர்ச் சாரியிலிருக்கும் சைக்கிள் கடைக்காரருக்கும் உதவட்டும் என்கிற குரலில் கேட்பாள்.

"எங்கம்மா? கையா, காலா, கக்கமா?"

கேட்காமல் எப்படித் தருவது என்பது அவள் கட்சி. அதில் தப்புச் சொல்ல முடியாது. இடம் தெரிந்தால்தான் கைப்பிடியும் தலையும் முடிவாகும். நூறு பெண்களில் தொண்ணூறு பேர் முதலில் செத்துப்போனது போல நிற்பார்கள், அடுத்த நிமிடம் சிரித்துவிடுவார்கள், அதற்கடுத்த நிமிடம் தங்கை, நாத்தனார் எல்லோருடைய காலையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மீதிப் பத்துப் பேரில் ஒருவர்தான் வங்கி மேலாளர் அம்மாள். சனிக்கிழமை சாயங்காலம், கடை நிரம்பி வழிகிற நேரம், அவர் பின்னால் வரிசையில் அவர் வங்கியிலேயே வேலை பார்க்கிற இரண்டு எழுத்தர்கள். அக்கா கேட்டாள். எழுத்தர்கள் இருவரும் ஒரே சமயத்தில் கூரையில் ஏதோ பார்த்தார்கள். திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது, தட்டச்சில், 'கண்ணியக் குறைவு' என்று மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டு.

கடிதம் நேராகப் போனது மாப்பிள்ளையிடம். மாப்பிள்ளை என்றால் கடை முதலாளியின் மாப்பிள்ளை. கடையை முன்னேற்றுவதற்காக நான்கு மாதம் முன்பு வந்திருக்கிறார். எங்கோ இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து அவர் வாயில் 'கஸ்டமர்' என்ற சொல் நிமிடத்துக்கு நாலு தடவை வருகிறது. கஸ்டமர் வந்தால் மட்டும் அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

"அக்கா, கஸ்டமர் கேட்டதை எடுத்துக் குடுங்க. கேக்காததை நீங்க கேக்காதீங்க."

"எங்கன்னு கேக்காம எதைத் தம்பி எடுத்துக் குடுக்கிறது?"

'தம்பி' அவருக்கு உறைத்தது. "சார்னு சொல்லிப் பழகுங்க. இனிமே கஸ்டமர்கிட்ட உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. இன்னொரு புகார் வந்துச்சுன்னா நீங்க கீழ குடோனுக்குப் போயிடுங்க. அங்க பேசறதுக்கு ஆளே கிடையாது. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

குடோன் என்பது கடைக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு டியூப் லைட், கூரை வரை அட்டைப்பெட்டி, பெட்டிகளைத் திறந்து அடுக்கி மூடுகிற வேலை. சம்பளம் அதேதான். நானாக இருந்தால் சந்தோஷமாகப் போய் உட்கார்ந்திருப்பேன். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அக்கா சாப்பிடாமல் இருந்தாள்.

"இருபத்தி ரெண்டு வருஷமா ஜனங்க மூஞ்சியப் பாத்தே நின்னுட்டேன் மாத்திரை. வீட்டுல அவரு டிவியோடதான் பேசுவாரு. பையன் போன்ல 'ம்'னு சொல்லி வச்சிடுவான். இங்க நின்னாத்தான் நான் ஒரு ஆளு. கீழ போய் யாருகிட்ட எங்கன்னு கேக்கிறது, அட்டைப்பெட்டிகிட்டயா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்: "கொஞ்ச நாள் வாயைக் கட்டிக்கிட்டு இருங்கக்கா. எல்லாம் சரியாயிடும்." பதினெட்டு வருடத்தில் அவள் என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பவுடர் டப்பா போயிற்று, பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். சோப்புத் தண்ணீர் மக் போயிற்று, தரை ஈரமாகிறதாம். அவள் கவுண்டருக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு ரோஸ் கோபுரம் எழும்பியது, முழுக்க முழுக்கப் பிளாஸ்டிக் ரேசர். அதன் உச்சியில் மாப்பிள்ளை தானே யோசித்து எழுதிய வாசகம்: 'உங்கள் அழகு, உங்கள் தேர்வு.' எஃகு ரேசர்கள் அலமாரியின் அடித்தட்டுக்கு இறங்கின. அக்கா உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். முழங்கால் வந்து, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தபோது, ஒரு கணம் யோசித்துவிட்டு, உடம்பைப் பற்றிப் பேசக்கூடாது என்ற உத்தரவு தன் உடம்புக்கும் சேர்த்துத்தானோ என்னவோ என்று, தலையை மட்டும் ஆட்டினாள். கடையில் பஞ்சு விழுந்தால் கேட்கிற அமைதி. மாப்பிள்ளைக்கு ஏக திருப்தி.

அந்த அமைதியில்தான் சங்கீத டீச்சர் வந்தார். எஃகு ரேசர் அவருக்கு இதுதான் முதல் தடவை. அடித்தட்டில் மின்னிய தங்க நிறத்தைக் காட்டி, அது வேண்டும் என்றார். வழவழக் கைப்பிடி, தலையோ வாலுவிலும் வாலு. அக்கா குனிந்து எடுத்தாள். எடுத்ததை உடனே கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், கண்ணாடிக்கு மேலாக என்னையும் பார்த்தாள். நான்தானே வாயைக் கட்டச் சொன்னவள்; குனிந்து ஏதோ சீட்டைப் படித்தேன். டீச்சர் கையை நீட்டினார். அக்கா கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் டீச்சர் நொண்டிக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாக ஒரு விரல் நீளத்துக்குக் கீறல், சுற்றிலும் வீக்கம்.

"அமுக்கினீங்களா?" என்றேன்.

"பின்னே? அமுக்காம எப்படி? பிளாஸ்டிக்கை அமுக்கித்தானே இழுப்போம்?" என்றார். நல்லவேளை, அந்தக் குரலில் கோபம் இல்லை, வலிதான் இருந்தது. "யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

நான் புண்ணைத் துடைத்து, பெரிய பிளாஸ்திரியாகப் போட்டு அனுப்பினேன். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே அடுக்கியிருந்த சோப்புகளைத் திரும்ப அடுக்கினாள். டீச்சர் போன பிறகும் திரும்பவில்லை.

"நான் வாயைத் தொறந்திருந்தா அவங்களுக்கு ரத்தம் வந்திருக்காது" என்றாள்.

"தொறந்திருந்தா நீங்க கீழ போயிருப்பீங்க."

"ஆமா. நான் மேல நிக்கறதுக்கு அவங்க காலைக் குடுத்துட்டேன்." ஒரு சோப்பை இடம் மாற்றி வைத்துவிட்டு, "வெக்கமா இருக்கு மாத்திரை" என்றாள்.

விவரம் காதில் விழுந்ததும் மாப்பிள்ளை வந்து, ஸ்டீல் ஆபத்து என்று தான் முதல் நாளே சொன்னதை எங்களுக்கு நினைவூட்டினார். முதல் நாள் அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ரோஸ் கோபுரத்தில் இன்னொரு மாடி ஏறியது.

போன வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும். முகக்கவசம் போட்ட ஒரு பெண், வயது இருபத்தைந்துக்குள், என்னிடம் வந்தாள். இரண்டு வாரம் முன்பே ஒருமுறை வந்திருக்கிறாள். முடி நீக்குகிற கிரீம் முகவாயில் பட்டு வெந்துபோய், களிம்பு வாங்கிக்கொண்டு போனாள். இப்போது கவசத்தை ஒரு பக்கம் இறக்கிக் காட்டினாள். தோல் நன்றாக ஆறிவிட்டது. ஆறிய தோலில் முடியும் பழையபடி நின்றது, தாடை ஓரமெல்லாம், கருகருவென்று.

"திங்கக்கிழமை வேலைல சேரணும் மேடம்" என்றாள். அவ்வளவு அருகில் நின்ற எனக்கே பாதிதான் கேட்டது. "ஓட்டல்ல, வரவேற்பு மேஜை. மாஸ்க் போட்டுக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. இந்த வேலை போச்சுன்னா எங்க வீட்டுல இனிமே வெளிய அனுப்ப மாட்டாங்க. ரேசர்... போடலாமா? முகத்துல?"

"தாராளமா போடலாம். பக்கத்துக் கவுண்டர்ல கேளுங்க, அவங்க சொல்லுவாங்க" என்றேன் பழக்கதோஷத்தில். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். சொல்லுவாங்களாவது? மாப்பிள்ளை அங்கேயேதான் நின்றுகொண்டு கோபுரத்தைப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவங்க சத்தமா கேப்பாங்களாமே?" என்றாள் அந்தப் பெண், பயந்துகொண்டு.

"இப்பல்லாம் கேக்கிறதில்லம்மா."

அவள் போய் அக்காவின் முன்னால் நின்றாள். பஞ்சு வாங்கினாள். ஹேர்பின் வாங்கினாள். கோபுரத்திலிருந்து ஓர் அட்டையை எடுத்து, அதிலிருந்த சிரிக்கிற பெண்ணைப் பார்த்தாள், திரும்ப வைத்துவிட்டாள். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். 'எங்கம்மா' என்பதற்காக அவள் உதடு பிரிந்ததை நான் பார்த்தேன். மாப்பிள்ளை படம் எடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். உதடு மூடிக்கொண்டது. நான் மனதுக்குள் எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொண்டேன், எதற்காக என்று எனக்கே தெரியவில்லை, அவள் பேச வேண்டுமென்றா, பேசிவிடக் கூடாதென்றா.

அந்தப் பெண் காத்துக்கொண்டிருந்தாள். கேள்வி வரவில்லை. அவளுக்கும் சொல்ல வரவில்லை. கவசத்துக்கு மேலே கண் நிறைந்துவிட்டது.

"ஒண்ணுமில்லக்கா, விடுங்க" என்றாள். "உங்ககிட்ட கேட்டு என்ன? எனக்கு மட்டும்தான் இப்படி. பொம்பளையாப் பொறந்த யாருக்கும் இப்படி இருக்காது."

பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"மேடம், எனி ஹெல்ப்? லேடீஸ் ஐட்டம் எல்லாம் இங்க இருக்கு" என்று மாப்பிள்ளை கோபுரத்தைக் காட்டினார்.

கவுண்டருக்கு மேலாக அக்கா எட்டி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கையைத் தன் பக்கம் இழுத்தாள். தலையை அண்ணாந்து, விளக்கு நன்றாக விழும்படி முகத்தைத் திருப்பி, அந்தப் பெண்ணின் விரல்களைத் தன் முகவாய்க்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள். பதினெட்டு வருடம் ஒரு கை தூரத்தில் நின்றவள் நான், அன்றுதான் பார்த்தேன். தாடை ஓரமெல்லாம், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை, காலையில் மழித்தது சாயங்காலத்துக்குள் பொடிப்பொடியாக முளைத்திருந்தது.

விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார், வரிசையில் நின்ற ஐந்தாறு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் விரல்களைப் பிடித்து, கழுத்திலிருந்து தாடை வரை, கீழிருந்து மேலாக, முளை குத்துவது தெரியும்படி, மெதுவாக ஒரு தடவை இழுத்தாள். பிறகு இன்னொரு தடவை.